தொட்டி வண்டிப் பெருமாள்

ரகு,

நீயும் வைதேகியும் சுகமாக இருக்க வேண்டும் என்று ரங்கநாதனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். நேற்று தபால்காரர் ஜபல்பூரிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு கடிதங்களைக் கொடுத்தார். ஒன்று நீ எழுதியது, மற்றது வைதேகி எழுதியது. நீ எழுதியது அவளுக்குத் தெரியாது, அவள் எழுதியது உனக்குத் தெரியாது. தாத்தா ஆராதனம் பண்ணிய சாளக்கிராமத்தை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்து அனுப்பச் சொல்லி நீ கேட்டிருக்கிறாய். "அப்பாவும் நீயும் ஞாயிறு தவறாமல் திவ்ய தேசம் திவ்ய தேசமாகப் போய் ஸேவித்ததுபோல் எங்களால் முடியாது. ஆத்தில் இருக்கும் பெருமாளையாவது ஒரு நாள் விடாமல் ஆராதிக்கிறோம்" என்ற வரியைப் படித்தபோது எனக்குப் புரையேறி, காபி டம்ளரைத் தட்டிவிட்டேன். உன் அப்பா ஊஞ்சலிலிருந்து என்ன என்ன என்று பதறினார். படித்துக் காட்டினேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

வைதேகியின் கடிதம் ஒரு பக்கம்தான். நர்மதை நதி பளிங்கு மலையைப் பிளந்துகொண்டு போகும் இடம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதாம். நீ புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை லீவு இருக்கிறது, ஆனாலும் அழைத்துப் போக மாட்டேன் என்கிறாயாம். "சாளக்கிராமம் வந்துவிட்டால் அப்புறம் ஒரு நாள்கூட வீட்டைப் பூட்ட முடியாது, இப்போதே பழகிக்கொள் என்கிறார், அம்மா. அந்தப் பெருமாளை நீங்கள் கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். பாவம், என்ன பயந்து பயந்து எழுதியிருக்கிறாள்! அதனால்தான், இத்தனை வருஷமாக உனக்குச் சொல்லாததை இன்று சொல்லப்போகிறேன். சொல்லித்தான் ஆகணுமா என்று உன் அப்பா கேட்டார். உங்களுக்கு வெட்கமாக இருந்தால் கொல்லைப்பக்கம் போய் உட்காருங்கோ என்று அனுப்பிவிட்டேன். ஒருவரிடமும் சொல்லாமல் நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தக் கதை யாருக்கும் இல்லாமல் போய்விடும்.

நாங்கள் திவ்ய தேசத்துக்குப் போனோம் என்பது பாதிதான் உண்மை. அந்தப் பச்சை வண்டியை உனக்கு ஞாபகம் இருக்கும், யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டது. அப்பாவுக்கு அப்போது ஓவர்சியர் உத்தியோகம். ஏரி, மதகு, ரோடு என்று ஜில்லா முழுக்க அலைய வேண்டும். வண்டியோடு கூட, பக்கத்தில் ஒருவர் உட்காரும் தொட்டி ஒன்றும் வந்தது. மண் ரோட்டில் அது இழுக்கிறது என்று அவர் கழற்றிக் கொல்லையில் போட்டுவிட்டார், நான் அதில் வறட்டி அடுக்கி வைத்திருந்தேன். கிராமங்களில் பார்த்ததை எல்லாம் ராத்திரி சாப்பிடும்போது சொல்லுவார். ஓரிடத்தில் மரம் ஒன்று கல்லாகவே கிடக்கிறது என்பார். இன்னொரு இடத்தில் பூமி ரத்தச் சிவப்பாக வெடித்துப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது, புல் முளைப்பதில்லை என்பார். சாதத்தில் மோரை ஊற்றிவிட்டுப் பிசையாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னையும் அழைத்துக்கொண்டு போங்கோ என்றேன். உன் தாத்தாவைக் கேட்கச் சொல்லி நழுவிவிட்டார்.

தாத்தாவை நீ வயதான காலத்தில் சாதுவாகப் பார்த்தவன். நான் மாட்டுப்பெண்ணாக வந்தபோது அவர் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ரிடையராகி, வீட்டையே கிளாஸ் ரூமாக நடத்திக்கொண்டிருந்தார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டாள். வீட்டில் பொம்மனாட்டி நான் ஒருத்திதான். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நம் உத்தர வீதியில் போவதா என்று இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "கோயிலுக்குன்னா போயிட்டு வாங்கோ. வேற எங்கயும் கூடாது" என்றார். போதுமே! உறையூர், உத்தமர் கோயில், அன்பில் என்று ஒரு மாதம் ஒழுங்காகத்தான் போனோம். பிறகு ஒரு ஞாயிறு திருவெள்ளறையில் ஸேவித்துவிட்டு வெளியே வந்தோம். ரோடு துறையூர்ப் பக்கம் நீண்டுகொண்டே போனது. தூரத்தில் மலை நீலமாக நின்றது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அன்றைக்குப் புளியஞ்சோலை ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம்.

அதிலிருந்து எல்லா ஞாயிறும் அப்படித்தான். பெருமாளுக்கு ஐந்து நிமிஷம், மீதி நாளெல்லாம் எங்களுக்கு. உன்னைத் தென்னூர் அத்தை வீட்டில் விட்டுவிடுவோம். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ வாய் ஓட்டை, வேறு வழியில்லை. ஒரே ஒரு தடவை உன்னையும் புளியஞ்சோலைக்கு அழைத்துப் போனோம். மறுநாள் வீதி முழுக்க "அருவிக் கோயில், அருவிக் கோயில்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். கோயில் என்றாவது சொன்னாயே என்று எனக்கு உயிர் வந்தது. ஒரு ரகசியம் சொல்கிறேன், இதை வைதேகிக்கு மட்டும் சொல். மோட்டார் சைக்கிளுக்கு மடிசார் மாதிரி ஒரு புடவைக்கட்டு கிடையாது. ஆறு கஜக்காரிகள் எல்லாம் ஒருக்களித்து உட்கார்ந்து, எப்போது விழுவோமோ என்று போவார்கள். நான் ஆம்பிள்ளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு ஜம்மென்று போவேன். ரகு, அந்த ஆறு நாளும் சமைத்து, துவைத்து, மாட்டைக் கவனித்து, தாத்தாவின் கணக்குக்கு விடை சொல்லி நான் இருந்தது அந்த ஏழாவது நாளுக்காகத்தான். அந்தப் பின் சீட்டில் இருந்த சந்தோஷம் மாதிரி எனக்கு வேறு எங்கும் இருந்ததில்லை.

அந்தச் சித்திரையில் ஒரு ஞாயிறு, அன்பிலுக்கு என்று சொல்லிவிட்டு, அப்பா சொன்ன சிவப்பு பூமியைப் பார்க்கக் காரை கிராமத்துக்குப் போனோம். சமயபுரம் தாண்டி, மெட்ராஸ் ரோட்டில் பாடாலூர் வரை போய், வலது பக்கம் மண் பாதையில் இறங்க வேண்டும். கொஞ்ச தூரம் சோளக்கொல்லை, அப்புறம் பருத்தி, அப்புறம் ஒன்றுமே இல்லை. பூமி திடீரென்று செக்கச்செவேலென்று கீழே இறங்கிவிட்டது. மழை அறுத்து அறுத்து, கத்தி முனை போன்ற வரப்புகளும் ஆள் மறையும் பள்ளங்களுமாகக் கண்ணுக்கெட்டிய வரை கிடந்தது. நடுநடுவே கண்ணாடித் தகடு போல ஏதோ கல் வெயிலில் மின்னியது. ஒரு மரம் இல்லை, ஒரு குருவி சத்தம் இல்லை. பிரளயம் முடிந்து பெருமாள் இன்னும் எதையும் படைக்க ஆரம்பிக்கவில்லை என்று தோன்றியது. இங்கே ஒரு காலத்தில் சமுத்திரம் இருந்ததாம் என்று அப்பா சொன்னார். சும்மா அளக்கிறார் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் காலடியில் சிப்பி! துப்பாக்கித் தோட்டா மாதிரி கல், கிளிஞ்சல் மாதிரி கல். ஒரு கல் மட்டும் உள்ளங்கை அளவுக்கு, நத்தை மாதிரி சுற்றிச் சுற்றிச் சுருண்டிருந்தது. அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து, சுருள் நன்றாகத் தெரியட்டும் என்று நல்லெண்ணெய் தடவினேன். அது கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. துளசிக் கூடையில் போட்டு மறைத்து வைத்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

வைதேகி பிறந்த வீட்டில் சாளக்கிராமம் இல்லையாம், அதனால் அவளுக்காகச் சொல்கிறேன். வடக்கே கண்டகி நதியில் கிடைக்கும் கருப்புச் சுருள் கல்தான் சாளக்கிராமம். அது விக்கிரகம் இல்லை, பெருமாளேதான். விலைக்கு வாங்கக்கூடாது, யாராவது மனசார கொடுத்து வர வேண்டும். நம் வீட்டுச் சாளக்கிராமம் பாகப் பிரிவினையில் பெரிய தாத்தா வீட்டுக்குப் போய்விட்டது. அதைப் பற்றி உன் தாத்தா ஒரு நாளும் பேசியதில்லை, ஆனால் காலியாக இருந்த அந்தச் சின்னப் பித்தளைப் பீடத்தை வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்து வைப்பார். அவர் கண்ணில் புரை வளர ஆரம்பித்திருந்த சமயம். மறுநாள் காலை துளசி எடுக்கக் கூடைக்குள் கை விட்டவர், கல்லை எடுத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார்.

"யாரும்மா குடுத்தா இதை?"

காரையில் பொறுக்கினேன் என்று எப்படிச் சொல்வது? அன்பிலுக்கு அல்லவா போயிருந்தோம்! "கோயில் வாசல்ல ஒரு வடக்கத்தி பைராகிச் சாமியார் குடுத்தார் மாமா" என்று வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். அவர் அந்தக் கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பாத்தியா, நான் யார்கிட்டயும் கேட்டுண்டு போகலை. அவரே தேடிண்டு வந்துட்டார்" என்று குழந்தை மாதிரி அழுதார். நானும் அழுதேன். அவர் பக்தியில் அழுதார், நான் பயத்தில் அழுதேன்.

பெருமாள் வீட்டுக்கு வந்துவிட்டால் சும்மாவா? தினமும் விடியுமுன் குளித்து மடியாகத் தளிகை பண்ணி, அவர் அமுது செய்த பிறகுதான் நாங்கள் வாயில் ஒரு பருக்கை வைக்கலாம். ஒரு வேளை தவறக்கூடாது. ஆராதனம் தாத்தா பண்ணுவார், தளிகைக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று பெருமாளுக்கு லீவு உண்டா? சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. பச்சை வண்டி ஞாயிறு தோறும் கூடத்தில் சும்மா நின்றது. அதைத் துணியால் துடைத்துவிட்டு வந்து அடுப்பை ஊதுவேன். உண்மையைச் சொன்னால் அவர் மனசு உடைந்துவிடும், நாங்கள் ஊர் சுற்றியதும் தெரிந்துவிடும், அதோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் போச்சு. சொல்லாவிட்டாலும் போச்சு. நீங்களாவது சொல்லுங்கோ என்று உன் அப்பாவிடம் கெஞ்சினேன். "பைராகியை நானா கொண்டு வந்தேன்?" என்றார் அந்த மகாவீரர்.

ஆடி பிறந்து முதல் வாரம், தாத்தா என்னைக் கூப்பிட்டார். "அந்த பைராகி இன்னும் அன்பில்லயே இருக்காரோ என்னவோ. ஒரு தடவை விழுந்து ஸேவிச்சுட்டு வரணும். தொட்டியை அலம்பி வண்டியில மாட்டச் சொல்லு, நானும் பெருமாளும் வரோம்" என்றார். பெருமாளை விட்டுவிட்டுப் போகக்கூடாது, கூட எழுந்தருளப் பண்ணிக்கொண்டு போகலாம், யாத்திரையில் அது வழக்கம்தானே. வறட்டியை எடுத்துவிட்டுத் தொட்டியை மூன்று தடவை அலம்பினேன், சாணி வாசனை போகவே இல்லை. ஞாயிறு காலை புளியோதரையும் தயிர்சாதமும் பண்ணிக் கட்டிக்கொண்டேன். தாத்தா பன்னிரண்டு திருமண்ணோடு தொட்டியில் ஏறி, பெருமாளைத் தகரப் பெட்டியில் எழுந்தருளப் பண்ணி மடியில் வைத்துக்கொண்டார். வீதியே வாசலுக்கு வந்து பார்த்தது. கொள்ளிடம் பாலத்தில் ஆடிக் காற்று தள்ளியது. அவர் குடுமி அவிழ்ந்து பறந்தது. நான் பின் சீட்டில் இருந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார்.

நம்பர் ஒன் டோல்கேட்டில் ரோடு பிரிகிறது. வலது கைப்பக்கம் போனால் லால்குடி, அன்பில். அங்கே போய் இல்லாத பைராகியைத் தேட வேண்டும். காணோம் மாமா, எங்கேயோ போய்விட்டார் என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டுத் திரும்பலாம். அப்பா வண்டியை மெதுவாக்கி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு இன்னொரு பொய் வாயில் வரவில்லை. "நேரா போங்கோ" என்றேன். "நேராவா?" என்றார். "நேராத்தான். சமயபுரம் ரோடு."

வழி நெடுக தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. காரைப் பள்ளத்தில் வண்டி நின்றதும் பெட்டியோடு இறங்கினார். சிவந்த பூமியை மேலும் கீழும் பார்த்தார். "அட ரங்கா! இப்படியும் ஒரு இடமா? பைராகிகள் இங்கேதான் தபஸ் பண்ணுவா" என்றார். அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். தாத்தாவின் திருமண்ணைப் பார்த்துத் தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "என்னா சாமி தேடுறீங்க? நத்தைக் கல்லா? பாத்து நடங்க, கால்ல குத்தும். இங்க கொட்டிக் கெடக்கு" என்றாள். காலாலேயே ஒன்றைத் தள்ளிக் காட்டினாள். அதே சுருள், அதே அளவு. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் உடைந்தது இரண்டு.

தாத்தா பெட்டியைத் திறந்து பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அந்தச் சிவப்பு மண்ணிலேயே விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "பைராகி இல்லை மாமா. நான்தான் பொறுக்கிண்டு வந்தேன். நாங்க அன்பிலுக்குப் போகலை. எந்த ஞாயித்துக்கிழமையும் கோயிலோட நிக்கலை" என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டியை இடுக்கிக்கொண்டு, வரப்பு மேல் ஏறித் தனியாக நடந்தார். போய்க்கொண்டே இருந்தார். ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்துவிட்டார். உன் அப்பா முகம் வெளுத்துவிட்டது. இனி இந்த வண்டியில் நான் ஏறப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அதைவிட, அந்தப் பித்தளைப் பீடம் மறுபடி காலியாகிவிடுமே என்பதுதான் பெரிதாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது.

பிறகு மேட்டுக்கு அப்பாலிருந்து ஒரு கூச்சல். "டேய்! இங்க வாடா! அவளையும் கூட்டிண்டு வா! இங்க ஒண்ணு ஆட்டுக்கல்லு பெரிசுக்கு இருக்குடா!"

ஓடினோம். வேஷ்டியெல்லாம் சிவப்பாக, மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய சுருளைச் சுற்றிக் கையாலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். மூக்கு நுனியிலும் மண். "எத்தனை சுத்து பாரு, ஒவ்வொரு சுத்தும் முன்னதுக்கு எத்தனை பங்கு பெரிசுன்னு அளந்தா ஒரே கணக்கா வரும்" என்று விரலால் அளந்து காட்டினார். கணக்கு வாத்தியாருக்கு அங்கே ஒரு கணக்கு கிடைத்துவிட்டது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். உச்சிவேளை ஆனதும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "தளிகையை எடும்மா, நாழியாச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. "மாமா, அது வந்து..." என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரியறது. நத்தைதான். மூணு மாசமா நம்மாத்துல சாப்பிட்டுண்டு இருந்தவரை இன்னிக்கு மட்டும் எப்படி பட்டினி போடறது?"

அந்தப் பள்ளத்தில், காற்று விளக்கை அணைத்து அணைத்து விளையாட, அவர் திருவாராதனம் பண்ணினார். ஆடு மேய்த்த அம்மாளும் வந்து கை நீட்டித் தீர்த்தம் வாங்கிக்கொண்டாள். புளியோதரையை ஐந்து பங்காகப் போட்டோம், அவள் இரண்டு பங்கு சாப்பிட்டாள். திரும்பி வரும்போது தாத்தா, "பொய் சொன்னதுக்கு உனக்கு ஒரு தண்டனை உண்டு. அடுத்த ஞாயிறு அந்தக் கல்மரத்துக்கு என்னையும் கூட்டிண்டு போகணும்" என்றார். அன்று மாலை உத்தர வீதியில் எதிர்வீட்டு மாமா, தலையிலிருந்து கால் வரை சிவப்பாக இருந்தவரைப் பார்த்து, எந்த ஊர் ஸேவை என்று கேட்டார். தாத்தா முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ரொம்பப் பழைய க்ஷேத்திரம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் கடைசி வரை ஞாயிறு தவறாமல் வந்தார். சாத்தனூர்க் கல்மரம், பச்சமலை, கோடையில் வறண்ட கொள்ளிடத்து மணல் மேடு, எல்லாம் தொட்டியில் உட்கார்ந்து பார்த்தார். எங்களைத் தனியாக விடவே இல்லை. சில நாள் எனக்குக் கோபம்கூட வந்தது, பொய் சொல்லுவானேன். ஆனால் என் பின் சீட்டை ஒரு நாளும் அவர் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஆராதனம் ஒரு நாள் நின்றதில்லை, நான் மடித் தளிகை பண்ணியதும் நின்றதில்லை. அதற்கப்புறம் அது கசக்கவில்லை, அவ்வளவுதான். பெரிய தாத்தா வீட்டில் ஆள் இல்லாமல் போய், நிஜ சாளக்கிராமத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அதையும் வாங்கி இதன் பக்கத்தில் வைத்தார், இதை எடுக்கவில்லை. உனக்கு என்று அவர் சொல்லிவிட்டுப் போனது இதைத்தான். நிஜத்தை எங்களிடம் விட்டுவிட்டு, நத்தையை உனக்குக் கொடுத்தார். ஏன் என்று அப்போது எனக்கும் விளங்கவில்லை. வைதேகி கடிதத்தைப் படித்ததும் விளங்கிவிட்டது.

ஆகவே கல் வருகிறது. உன் அப்பாவின் சிநேகிதர் பிள்ளை அடுத்த வாரம் ஜபல்பூர் வருகிறான், அதே தகரப் பெட்டியில் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியின் மூலையில் இன்னும் சிவப்பு மண் இருக்கும், துடைக்காதே. இது சாளக்கிராமம் இல்லை என்று தெரிந்த பிறகு ஆராதிப்பதும் மேஜை மேல் வைப்பதும் உன் இஷ்டம். ஆனால் ஆராதிப்பதானால், அந்தப் பெருமாளைக் காரணம் காட்டிப் பெண்டாட்டியை வீட்டில் உட்கார வைக்காதே. உன்னைவிட அதிக மைல் வண்டியில் போனவர் அவர். பூட்டிய வீட்டில் அவருக்குப் பழக்கமில்லை. செயினுக்கு எண்ணெய் போட்டாயா என்று அப்பா கொல்லையிலிருந்து கேட்கிறார். ஞாயிறு காலையில் பெருமாளைப் பெட்டியில் எழுந்தருளப் பண்ணி, வைதேகியிடம் கொடு. பின் சீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொள்ளட்டும். பளிங்கு மலைக்கு நேராகப் போங்கள். அவர் இன்னும் நர்மதையைப் பார்த்ததில்லை.

உன் அம்மா